பாய்மரப் படகிலே ஒரு குடித்தனம்

இல்லறத்தைப் படகுக்கு ஒப்பிடாத கல்யாண வாழ்த்துப் பத்திரம் நம் நாட்டில் அருமை. கணவனைத் துடுப்பென்றும், மனைவியைச் சுக்கானென்றும், அன்பைப் பாய்மரமென்றும் வர்ணித்து, வாழ்க்கைக் கடலில் இன்பமாய் மிதந்து செல்லுமாறு ஆசி கூறி முடித்துவிடுவார்கள். அவ்வாறு எழுதிக் கொடுக்கும் புலவர்களுள் எத்தனை பேர் தம் மனைவியோடு உண்மையிலேயே ஒரு படகில் ஏறி அமர்ந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஏறியிருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்கள்.

என் கூற்றை நம்பாதவர்கள் சித்திரை மாதத்து வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குச் சென்று, கிரகரி வாவிக்கரையில் அரைமணி நேரம் நின்றால் போதும். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைந்த அந்த வாவியிலே அன்னப்பறவை உருவில் மிதிபடகுகள் மிதக்கும். புதுமணத் தம்பதிகள் ஏறுவார்கள். இருவரும் சரிசமமாக மிதிக்கவேண்டும். ஆனால் திருப்புகின்ற பிடியைக் கணவன் கையில் எடுத்துக்கொள்வான். சிறிது நேரத்தில் அன்னம் ஓரத்துப் புல்லில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிடும். "நீ அவசரப்பட்டு மிதித்தாய்" என்பான் அவன். "நீங்கள் பிடியைத் திருப்பினால்தானே?" என்பாள் அவள். கரையில் அவித்த சோளம் தின்றுகொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த நாடகம் வேறில்லை. படகோ பத்து முழ ஆழ நீரில்கூட இல்லை. கரையோ கைக்கெட்டும் தூரத்தில். அப்படியிருக்க, இதே இருவரை ஆயிரம் மைலுக்கு அப்பால் நடுச்சமுத்திரத்திலே விட்டால் என்ன ஆகும்?

மலைநாட்டில் வாழும் நமக்குச் சமுத்திரம் சற்றுத் தூரத்து உறவு. நம் மாணவர்களில் பலர் கண்ட பெருநீரெல்லாம் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையுந்தான். ஆயினும் கடல் இல்லாமல் நாம் இங்கு வந்திருக்கவும் முடியாது. நம் முன்னோர் தென்னிந்தியக் கரையில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, பின் மலையேறினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின் பிரயாணம் சற்று எளிதாயிற்று. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, பிற்பாடு எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து எதிர்த்திசையில் கப்பலேற நேர்ந்தது. அந்தப் பிரயாணங்களில் ஹாஸ்யத்துக்கு இடமில்லை. பணம் செலவழித்து, வேண்டுமென்றே, இன்பத்துக்காகக் கடலிற் போய் அவதிப்படுகிறவர்களின் கதை வேறு. அதைக் கேட்டுச் சிரிப்பதற்கு நமக்கு உரிமையுண்டு என்றே கருதுகிறேன்.

முதலில் பாய்ப்படகின் இயல்பைச் சொல்லிவிடவேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையை நோக்கிப் பாய்ப்படகு நேராகச் செல்ல இயலாது. றம்பொடை ஏற்றத்தில் நம் பஸ்வண்டி எப்படி நேரே மலையில் ஏறாமல், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறுகிறதோ, அப்படியே படகும் காற்றுக்குக் குறுக்காக ஒருமுறை இடப்புறம், ஒருமுறை வலப்புறம் என்று ஓடித்தான் முன்னேறவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடிக்கும். அதன் அடியில் கட்டிய நீண்ட மரமும் கூடவே வீசும். சுக்கான் பிடித்திருப்பவர் சத்தமிட்டு எச்சரிக்கவேண்டும். மற்றவர் தலையைக் குனியவேண்டும். பெரும்பாலான கப்பற் சண்டைகள் இந்தக் கணத்தில் பிறக்கின்றன என்று அனுபவஸ்தர்கள் கூறுவார்கள். எஞ்சியவை நங்கூரம் போடும்போது பிறப்பவை. கரையில் சாந்த சொரூபியாக இருந்தவர் சுக்கானைத் தொட்டவுடன் பிரட்டுக்களத்துக் கங்காணியாக மாறிவிடுகிறார்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. படகில் இருவரே இருந்தால், இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும். ஆகவே ஒருவர் உறங்க, ஒருவர் காவலிருக்க, நான்கு மணிக்கொருமுறை ஆள் மாறுவார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரனும் பகல் வேலைக்காரனும் வாசலிலே சந்தித்துக்கொள்வது போலத்தான். உலகைச் சுற்றிவரும் தம்பதிகள் ஒரு முழம் இடைவெளியில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் சரியாகப் பார்ப்பதேயில்லை. சில குடும்பங்களுக்கு இஃது அனுகூலமாகவும் இருக்கலாம்.

இனிக் கதைக்கு வருவோம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்க இளைஞர் 1928இல் முப்பத்திரண்டடி நீளமுள்ள ஒரு சிறு படகில் நியூயோர்க்கிலிருந்து கிளம்பினார். படகின் பெயர் 'ஸ்வாப்'. வடமொழியில் உறக்கம், கனவு என்று பொருள். நம் சொப்பனத்துக்கு உறவான சொல். தஹிற்றித் தீவில் எற்றேரா என்ற ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு, உலகைச் சுற்றி 1931இல் திரும்பினார். அவ்வளவு சிறிய படகு அதற்குமுன் உலகைச் சுற்றியதில்லை என்று அக்காலத்தில் புகழ்ந்தார்கள். பிரமசாரியாகச் செய்த பிரயாணம் குறைவின்றி நிறைவேறியது. பின்பு அவர் விவாகம் செய்துகொண்டார்.

மணமகள் புளோரன்ஸ் கிரேன். குளியலறைத் தொட்டிகளும் நீர்க்குழாய்ச் சாதனங்களும் செய்து பெருஞ்செல்வம் திரட்டிய கிரேன் குடும்பத்துப் பெண். மசச்சுசெற்ஸ் மாநிலத்து இப்ஸ்விச் ஊரிலே குன்றின்மேல் நிற்கும் அவர்களது மாளிகையில் 59 அறைகள். அந்த மாளிகையிலிருந்து அம்மையார் முப்பத்திரண்டடிப் படகுக்குக் குடிபெயர்ந்தார். உலகுக்கெல்லாம் குளியலறை செய்து கொடுத்த வீட்டுப் பெண், மழை பெய்தால் குளியல், பெய்யாவிட்டால் கடல்நீர் என்ற வாழ்க்கையைத் தேடிக்கொண்டதை எண்ணும்போது, காதலின் வலிமையை வியப்பதா, விதியின் குறும்பை வியப்பதா என்று தெரியவில்லை.

மணமான புதிதில் இருவரும், உறவினர் ஒருவரும் பசுபிக் சமுத்திரத்திலுள்ள காலபாகஸ் தீவுகளுக்குப் பாய் விரித்தார்கள். ஆமைகளுக்கும், டார்வினின் ஆராய்ச்சிக்கும் பெயர்போன தீவுகள் அவை. 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மனித வாசமற்ற ஒரு குடாவில் நங்கூரமிட்டிருந்தபோது ரொபின்சனுக்கு வயிற்றில் கடும் நோவு கண்டது. குடல்வால் அழன்று வெடித்துவிட்டது. வைத்தியர் இல்லை, பனாமா ஏறக்குறைய ஆயிரம் மைல். உலகைச் சுற்றிய வீரர் படுக்கையில் கிடக்க, புது மனைவி செய்வதறியாது பக்கத்தில் இருந்தார். அப்பொழுது அந்தக் குடாவுக்குள் அமெரிக்க மீன்பிடிக் கப்பலொன்று தற்செயலாக நுழைந்தது. அதில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. செய்தி பனாமாவுக்குப் பறந்தது. கடற்படை விமானங்களில் வைத்தியர் வந்தனர். 'ஹேல்' என்ற நாசகாரிப் போர்க்கப்பலும் விரைந்து வந்தது. சத்திரசிகிச்சை நடந்தது, ரொபின்சன் பிழைத்தார். ஒரு குடல்வாலுக்காக ஒரு தேசத்தின் கடற்படையே புறப்பட்டதைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. 'ஸ்வாப்' மட்டும் அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. தீவுகளுக்குரிய ஈக்குவடோர் நாட்டு அதிகாரிகள் அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். கனவு என்று பெயர் வைத்ததன் பலன் போலும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கதைக்கும் தமிழருக்கும் சம்பந்தமில்லை. படகை இழந்த ரொபின்சன் அடுத்து வாங்கியது நம் நாட்டுக் கப்பலொன்றை! வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில், நம் கைவினைஞர்கள் கையாலேயே கட்டிய 'அன்னபூரணி'. நீளம் 89 அடி. இரங்கூனுக்கும் இந்தியத் துறைமுகங்களுக்கும் நெல்லும் ஓடும் மரமும் ஏற்றிய வல்வெட்டித்துறைக் கப்பல்களின் வரிசையில் வந்தது அது. மேல்நாடுகளில் இரும்பும் நீராவியும் பாய்மரத்தைத் துரத்திவிட்ட காலத்தில், பழைய முறையில் ஒரு கப்பல் இன்னும் உயிரோடு ஓடுவதைக் கண்டு அந்த அமெரிக்கர் மயங்கியதில் வியப்பில்லை. வாங்கியவர் மனைவியின் பெயரையே கப்பலுக்குச் சூட்டினார். 'அன்னபூரணி' ஒரே நாளில் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆகிவிட்டாள். அன்புக்கு அடையாளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகுக்குச் சோறிடும் தாயின் பெயரை அழித்ததில் எனக்குச் சம்மதமில்லை.

1937இல் இலங்கைக் கரையை விட்டுக் கிளம்பிய கப்பல், செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் என்று கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மசச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதிலே வேலை செய்தவர்களுள் வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர். அவர்களின் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. தண்டையல் என்பது நம் கப்பற்றலைவருக்கு வடபகுதியார் வழங்கும் பெயர். சோளகக் காற்றையும் வாடைக்காற்றையும் கணக்கிட்டு வங்கக்கடலில் ஓடிப் பழகியவர்கள் அத்திலாந்திக் புயலுக்கும் ஈடுகொடுத்தார்கள். 'பொஸ்டன் குளோப்' பத்திரிகை இவர்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கப்பலில் மனைவியின் பெயர் ஒருவருடையது. படகுக் கனவு இன்னொருவருடையது. நரம்பும் தோளும் இந்த ஐவருடையவை. நம் பாடப் புத்தகங்களில் கொலம்பஸுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு மூலையை இவர்களுக்கும் கொடுக்கலாம்.

கப்பலில் எழுதிய பெயர் நிலைத்த அளவுக்கு அந்த இல்லறம் நிலைக்கவில்லை. இருவரும் பிரிந்தனர். 1943இல் புளோரன்ஸ் அம்மையார் ருஷியப் பிரபு குடும்பத்து இளவரசர் ஒருவரை மணந்தார். ரொபின்சனோ 'வருவா' என்ற இன்னொரு பாய்க்கப்பலைக் கட்டிக்கொண்டு தஹிற்றிக்கே போய்ச் சேர்ந்தார்.

அதே காலபாகஸ் தீவுகளை நோக்கி, நாற்பதாண்டுகளுக்குப் பின் இன்னொரு தம்பதி சென்றார்கள். மோரிஸ் பெய்லி, மரலின் பெய்லி என்ற ஆங்கிலேயர். வீட்டை விற்றுப் படகு வாங்கினார்கள். இருவர் பெயரையும் பிசைந்து 'ஒரலின்' என்று படகுக்குப் பெயரிட்டார்கள். வெளியுலகத் தொல்லை வேண்டாமென்று மோரிஸ் வானொலிக் கருவியைக் கூட ஏற்றவில்லை. மரலினுக்கு நீந்தத் தெரியாது. இந்த லட்சணத்தில் 1972இல் நியூசிலாந்துக்குப் புறப்பட்டு, பனாமாவைக் கடந்ததும், 1973 மார்ச் 4ஆம் தேதி காலை ஒரு திமிங்கிலம் படகில் மோதியது. ஒரு மணி நேரத்துக்குள் படகு மூழ்கிவிட்டது. தெப்பமொன்றும் காற்றடைத்த சிறு ஓடமொன்றும் மிஞ்சின.

அந்தத் தெப்பத்தில் அவர்கள் 117 நாள் மிதந்தார்கள். மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள். சட்டை ஊசியை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தார்கள். ஆமையையும் பறவையையும் பச்சையாக உண்டார்கள். சைவர்களாகிய சிலருக்கு இதைப் படிக்கவே கஷ்டமாயிருக்கும். தாளில் சீட்டுக்கட்டுச் செய்து விளையாடினார்கள். பசி முற்றிய நேரத்தில் விருந்துக்கு யார் யாரை அழைப்பது, என்னென்ன பரிமாறுவது என்று பட்டியல் எழுதினார்கள்! மோரிஸ் மனமுடைந்து கிடந்த நாட்களில் மரலினே அவரை உந்தி எழுப்பினாராம். நீந்தத் தெரியாதவர்தான் மூழ்காமலிருக்க வழி காட்டினார்.

அவர்கள் கதையில் நான் மிகவும் ரசித்த கட்டம் ஆமை வண்டி. காலபாகஸ் தீவுகள் இருக்கும் திசையில் தெப்பத்தை இழுத்துச் செல்வதற்காக, பிடித்த ஆமையொன்றின் காலில் கயிறு கட்டி நீரில் விட்டார்கள். என்ன ஆச்சரியம்! ஆமை சரியான திசையிலேயே இழுத்தது. உற்சாகம் மிகுந்து, ஒன்று இழுத்தால் இவ்வளவு, இரண்டு இழுத்தால் எவ்வளவு என்று கணக்கிட்டு, இன்னோர் ஆமையையும் பூட்டினார்கள். இரண்டாவது ஆமை நேர் எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கிவிட்டது. கிரகரி வாவியின் அன்னப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்து சென்றன. கடைசியில் 1973 ஜூன் 30ஆம் தேதி கொரிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. நிற்கவும் சக்தியில்லை. ஆயினும் தெப்பத்தில் இருக்கும்போதே அடுத்த படகின் வரைபடத்தைப் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். பிற்பாடு 'இரண்டாம் ஒரலின்' என்று அதைப் பெற்று, தென்னமெரிக்காவின் பட்டகோனியாக் கரைக்கே ஓட்டிச் சென்றார்கள்.

நான் படித்த படகுத் தம்பதிகளுள் என் மதிப்பில் முதலிடம் ஸ்மீட்டன் தம்பதிக்கு. மைல்ஸ் ஸ்மீட்டன் இந்தியப் பட்டாளத்தில் பணியாற்றிப் பிரிகேடியர் பதவி வரை உயர்ந்தவர். மனைவி பெறில் தனியாகவே தேசாந்திரம் திரிந்தவர். 1939இல் இருவரும் இந்துகுஷ் மலையின் திரிச்மீர் சிகரத்தில் ஏற முயன்றபோது உடன் சென்றவர்களுள் ஒருவர் டென்சிங்; பின்னாளில் எவரெஸ்டில் ஏறிய அதே டென்சிங். யுத்தத்துக்குப்பின் இவர்கள் கனடாவில் நிலம் வாங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து பணத்தை வெளியே கொண்டுபோகச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அதனால் பணத்தைப் படகாக மாற்றிக் கனடாவில் கொண்டுபோய் விற்றுவிடலாமென்று தீர்மானித்தார்கள். பாய்ப்படகு ஓட்ட இருவருக்கும் தெரியாது என்பது ஒரு தடையாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஹொங்கொங்கில் கட்டிய 'ட்சு ஹாங்' என்ற 46 அடிப் படகை வாங்கினார்கள். சீனர் வணங்கும் கருணைத் தேவியின் ஓடத்துக்கு வழங்கும் பெயர் அது. கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் படகை விற்க மனம் வரவில்லை.

1956 டிசம்பரில் மெல்பேணிலிருந்து, தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய ஹோர்ன் முனையைச் சுற்றப் புறப்பட்டார்கள். துணைக்கு ஜோன் கஸ்வெல் என்ற இளைஞரும், ஒரு சயாமியப் பூனையும். பூனையின் பெயர் 'ப்வே'. 1957 பெப்ரவரி 14இல், சிலிக் கரைக்கு ஆயிரம் மைல் அளவுக்கு முன்பாக, மலைபோல் எழுந்த ஓர் அலை படகின் அமரத்தைத் தூக்கி, அணியம் கீழாகக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்துவிட்டது. சுக்கான் பிடித்திருந்தவர் பெறில் அம்மையார். இடுப்பில் கட்டிய கயிறு அறுந்து கடலில் வீசப்பட்டார். தலையை நீருக்கு மேலே நீட்டிப் பார்த்தால், படகுக்கு மரம் இரண்டும் இல்லை. தளத்தின் மேல் அறையும் இல்லை. அதன் இடத்தில் ஆறடிச் சதுரத்தில் ஓட்டை. அடிபட்ட தோளோடு நீந்திவந்து, முறிந்த மரத்தின் கயிற்றைப் பற்றிக்கொண்டார். மேலே இழுத்துப் போட்டார்கள். அம்மையார் அழவில்லை, மயங்கவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு நீர் இறைக்கத் தொடங்கிவிட்டார். மூவரும் மணிக்கணக்காக இறைத்தார்கள். கஸ்வெல் தச்சுவேலை அறிந்தவர். உடைந்த பலகைகளைக் கொண்டே ஓட்டையை மூடி, சிறு மரமும் நட்டார். ஒரு மாதத்துக்கு மேல் தத்தித் தத்தி சிலி நாட்டுக் கரையை அடைந்தார்கள். பூனையும் பிழைத்தது, அதன் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை.

வேறெவராயினும் அத்தோடு ஊர் திரும்பியிருப்பார்கள். இவர்களோ படகைச் செப்பனிட்டு, அதே ஆண்டு டிசம்பரில், இம்முறை இருவர் மட்டுமாக, மீண்டும் ஹோர்ன் முனையை நோக்கிக் கிளம்பினார்கள். மீண்டும் புயல், மீண்டும் படகு உருண்டது, மீண்டும் இரு மரங்களும் போயின. மீண்டும் சிலிக் கரைக்கே தள்ளாடி வந்து சேர்ந்தார்கள். யார் சுக்கான் பிடித்தார், யாரால் கவிழ்ந்தது என்ற விசாரணை அந்தக் குடும்பத்தில் நடந்ததாக மைல்ஸின் எழுத்திலே ஒரு தடயமும் இல்லை. நுவரெலியாவில் ஒரு புல்லுக்கே விசாரணை நடப்பதைக் கண்ட எனக்கு இதுவே அவர்கள் சாதனையுள் பெரியதாகத் தெரிகிறது.

இவற்றையெல்லாம் மைல்ஸ் 1959இல் புத்தகமாக வெளியிட்டார். தலைப்பு, 'ஒருமுறை போதும்'. பின்னர் 1968 டிசம்பரில், இருவரும் அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அதே 'ட்சு ஹாங்'கில், காற்றுக்கு எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக, ஹோர்ன் முனையைச் சுற்றி முடித்தார்கள். புத்தகத்தின் தலைப்பை மட்டும் மாற்றவில்லை.